குடிக்கிற தண்ணீர் தொட்டிக்கு ஆகாதா?

வீட்டில் குடிப்பதற்காக வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரத்தின் தண்ணீரைத்தான் கடல்நீர் மீன் தொட்டிக்கும் எடுக்கிறேன். தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 60 காட்டுகிறது. மீன்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் மணல் மேல் பழுப்பாக ஒரு படலம், எடுக்க எடுக்க வருகிறது. வாங்கி விட்ட இரண்டு இறாலும் ஒரு வாரம் தாங்கவில்லை. குடிக்கிற தண்ணீரை விடச் சுத்தமானது வேண்டுமா என்ன?

வேண்டும். நாம் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தாது இருந்தால்தான் நாக்குக்குப் பிடிக்கும், அதனால் குடிநீர் இயந்திரங்களில் பலவும் சவ்வு வழியாக வடிகட்டிய பிறகு அதில் மறுபடி தாதுவைச் சேர்க்கின்றன, அல்லது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுகின்றன. உங்கள் 60 அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான். அந்த 60-இல் கால்சியம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, தாமிரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும்போது இந்தத் துளியூண்டு என்ன செய்யும் என்று கேட்பீர்கள், நியாயம்தான். தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். அதோடு வந்தது எதுவும் போகாது. தினம் 3 லிட்டர் ஆவியாகிறது, அதை உங்கள் 60 பிபிஎம் (லிட்டருக்கு 60 மில்லிகிராம்) தண்ணீரால் ஈடுகட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 0.18 கிராம், மாதத்துக்கு 5.4 கிராம் உள்ளே சேருகிறது. அது கால்சியமாகவே இருந்தால் கவலை இல்லை. ஆனால் அதில் ஒரு பங்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் என்றால் பாசிக்கு உரம், சிலிகேட் என்றால் நீங்கள் சொல்லும் பழுப்புப் படலம் (அது டயட்டம் என்கிற நுண்பாசி, தன் ஓட்டைச் சிலிகாவால் கட்டிக்கொள்வது). புதுத் தொட்டியில் முதல் சில வாரம் அது வந்து தானாகப் போய்விடும். மாதக் கணக்கில் வந்துகொண்டே இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

இறால் விஷயத்துக்கு முதலில் அந்த இயந்திரத்தில் தாமிரம் சேர்க்கும் கேட்ரிட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். மனிதருக்கு நல்லது என்று விற்கிறார்கள், இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் அது விஷம். மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால் தனித் தொட்டியில் வைத்துத் தாமிர மருந்து போடுவார்கள் இல்லையா, மீன் தாங்கும் அந்த அளவை இறால் தாங்காது. கேட்ரிட்ஜ் இல்லை என்றால், கடையில் இருந்து கொண்டுவந்த இறாலைத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்காமல் சட்டென்று உள்ளே விட்டீர்களா என்று யோசியுங்கள், அதுவும் வழக்கமான காரணம்தான்.

புது இயந்திரம் வாங்க வேண்டும் என்று இல்லை. சவ்வு தாண்டிய உடனே, தாது சேரும் இடத்துக்கு முன்னால், ஒரு குழாய் பிரித்து அதில் ஒரு டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் (சவ்வைத் தாண்டி வந்த மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் மணிகள் கொண்டது) மாட்டினால் போதும். அதிலிருந்து வெளியே வரும் தண்ணீர் 0 காட்ட வேண்டும். 3, 4 எல்லாம் பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிகா, அதை மீட்டர் சரியாகக் காட்டாது. எண் ஏற ஆரம்பித்த நேரத்தில் சிலிகா ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்.

தினம் 2 லிட்டர்தான் தேவை என்பதால் தினமும் பத்து நிமிடம் ஆர்ஓ-டிஐ ஓட்டுகிறேன். டிஐ ரெசின் சொன்ன ஆயுளில் பாதிகூட வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, ஓட்டும் முறையில்தான் கோளாறு. இயந்திரம் நிற்கும்போது சவ்வின் அந்தப் பக்கம் இருக்கும் உப்பு மெல்ல இந்தப் பக்கம் கசியும். மறுபடி போட்டதும் முதல் சில நிமிடம் வருவது அந்தத் தண்ணீர்தான். சவ்வுக்கும் ரெசினுக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பாருங்கள், முதலில் நல்ல உயரத்தில் இருந்து பிறகு இறங்கும். பத்து நிமிட ஓட்டத்தில் பாதி நேரம் ரெசின் இந்த அழுக்கைத் தின்றே தீர்கிறது. வாரத்துக்கு ஒரு முறை 20, 30 லிட்டராகச் சேர்த்து எடுங்கள், எண் இறங்கும் வரை வரும் தண்ணீரை ரெசினுக்கு அனுப்பாமல் வேறு குழாயில் விட்டுவிடுங்கள், செடிக்கு ஆகும்.

அப்புறம் முன்னால் இருக்கும் கார்பன் கேட்ரிட்ஜையும் நேரத்துக்கு மாற்றுங்கள். குளோரின் சவ்வை அரித்துவிடும், அதைத் தடுப்பது கார்பன்தான். கார்பன் தீர்ந்துவிட்டது என்பதை டிடிஎஸ் மீட்டர் சொல்லாது, குளோரினுக்குத் தனி டெஸ்ட் கிட் வேண்டும்.

எடுத்த தண்ணீரை எதில், எத்தனை நாள் வைக்கலாம்? பித்தளைக் குழாய் வைத்த பெரிய பாத்திரம் ஒன்று சும்மா கிடக்கிறது.

அது கிடக்கட்டும். எதுவும் கரையாத தண்ணீர் தொட்டதில் இருந்து எதையாவது கரைத்து இழுத்துக்கொள்ளும், பித்தளையில் பாதிக்கு மேல் தாமிரம். உணவுத் தர பிளாஸ்டிக் டிரம், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும், அதுவே போதும். முன்பு சோப்போ மருந்தோ இருந்த கேன் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். வெயில் படாமல் மூடி வைத்தால் வாரக் கணக்கில் இருக்கும், எடுப்பதற்கு முன் ஒரு தடவை மீட்டரை விட்டுப் பாருங்கள். டிரம் நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு ஒன்றும் மாட்டிவிடுங்கள். இயந்திரத்தைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போய், காலையில் கூடம் முழுக்க உலகத்திலேயே சுத்தமான தண்ணீர் நின்றதைத் துடைத்தவன் சொல்கிறேன்.

சேமித்த தண்ணீரின் பிஎச் 5.8 காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. காற்றில் இருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கத் தண்ணீரில் காரத்தன்மை எதுவும் இல்லை. உப்பு கலந்ததும் சரியாகும், எதையும் ஊற்றித் திருத்த வேண்டாம்.

ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரும் வடித்த நீர்தானே?

உள்ளே இருப்பது தாமிரக் குழாய். வேண்டாம்.

தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்காக உப்பு கலந்த தண்ணீரை ஒரு மாதம் பம்ப் ஓடவிட்டு வைத்திருந்தேன். டிரம் சுவரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. பயன்படுத்தலாமா?

அந்த வெள்ளை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பவளத் தொட்டிக்கான உப்புகளில் கால்சியமும் காரத்தன்மையும் தூக்கலாக வைத்திருப்பார்கள், நாளாக ஆக இரண்டும் சேர்ந்து வெளியே படியும். ஹீட்டரும் ஓடினால் இன்னும் சீக்கிரம். மீன் மட்டும் என்றால் உப்பு அளவைப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளலாம். பவளம் இருந்தால் காரத்தன்மையை அளந்து பாருங்கள், நிறைய இறங்கியிருந்தால் கொட்டிவிடுவதுதான் நல்லது. வெறும் சுத்த நீரைச் சேமித்து வைத்து, மாற்றுவதற்கு முந்தின நாள் உப்பு கலப்பதே எனக்குப் பிடித்த வழி. முதலில் தண்ணீர், ஓடுகிற பம்ப், அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பைக் கொட்டி வைத்து மேலே தண்ணீர் ஊற்றினால் அப்போதே படிய ஆரம்பித்துவிடும். 25 டிகிரியில் ஒப்படர்த்தி (சுத்த நீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது) 1.026 வந்தால் போதும். ஆவியானதை ஈடுகட்டும்போது மட்டும் உப்பில்லாத தண்ணீர், இந்த இரண்டு டிரம்மும் ஒரே நிறத்தில் இருந்தால் மேலே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.