ஓப்பன்பிஎஸ்டி என்றால் என்ன? லினக்ஸ் இருக்கும்போது அது எதற்கு?

ஓப்பன்பிஎஸ்டி, யூனிக்ஸ் வழிவந்த ஒரு திறமூல இயங்குதளம். 1995இல் தியோ டி ராட் அதை நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வகை இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தொடங்கினார். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் லினக்ஸ் சர்வர்களில் தினமும் ஓடும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள்) இந்தக் குழு உருவாக்கியதுதான்.

லினக்ஸில் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, ஒரு குழு எழுதும், மற்ற கருவிகளை வேறு பலர் எழுதுவார்கள். இங்கே கெர்னல், அடிப்படைக் கருவிகள், கையேடு மூன்றும் ஒரே குழுவின் வேலை. அதனால் கையேட்டில் படிப்பதும் கணினியில் நடப்பதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எனக்கு அதுதான் பெரிய ஈர்ப்பு. நிறுவியதும் பெரும்பாலான சேவைகள் அணைந்தே இருக்கும்: எல்லாக் கதவும் பூட்டிய வீட்டில், வேண்டியதை மட்டும் நாம் திறப்பது போல.

சரி, குறைகள்? புளூடூத் கிடையாது. உங்கள் வைஃபை சிப்புக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) உண்டா என்று முதலில் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். கடைசி இரண்டுக்கு மட்டுமே திருத்தங்கள் கிடைக்கும். ஃபயர்வால், ரவுட்டர் வேலைக்கு அருமை. கேம் விளையாட வேண்டாம்.

அப்புறம், இதில் எதை நிறுவினாலும் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பிழை தேடி நிரலைச் சோதிக்கும் கடுமையான தணிக்கை, இந்தக் குழுவே தரும் அடிப்படைத் தொகுப்புக்குத்தான். நீங்கள் சேர்க்கும் வெளி மென்பொருளுக்கு அதே அளவில் இல்லை.