டூல் அண்ட் டை மேக்கர் வேலை ஏன் சில வட்டாரங்களில் மட்டும் அதிகம்?
உலோகத் தகட்டை வெட்டி வளைக்கும் டை, பிளாஸ்டிக்குக்கு வடிவம் தரும் மோல்டு ஆகியவற்றைச் செய்து, பழுதும் பார்ப்பவரே டூல் அண்ட் டை மேக்கர்.

வாகன உதிரிபாகம், மின்சாதனம் போன்றவற்றைச் செய்யும் ஆலைகள் நெருக்கமாக உள்ள வட்டாரங்களில்தான் இந்த வேலை குவியும். ஏனென்றால் டை தேயும், முனை உடையும். அது நின்றால், டையைப் பூட்டித் தகட்டை அழுத்தும் இயந்திரமான பிரஸ்ஸும் நிற்கும். கனத்த டையைத் தூரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாது. படகுகள் உள்ள கரையில்தானே வலை பின்னுபவருக்கு வேலை? அப்புறம், ஒரே தொழிலை நம்பிய வட்டாரம் என்றால், அங்கே வேலை தேடும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அது படுத்தால் டை வேலையும் படுக்கும்.

கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரம் வந்ததும் இந்த வேலையே போய்விட்டது என்பது தவறு: இயந்திரம் வெட்டித் தரும், ஆனால் டையைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை சரிசெய்வது இன்னும் பழகிய கைதான்.