காவுக்கு விளக்கு, பூங்காவுக்குக் குப்பையா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட இடம் குப்பைமேடாகக் கிடக்கிறது. ஓரத்தில் நின்ற புங்கமரத்தையும் போன மாதம் வெட்டிவிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. படிப்பில் முதலிடம் என்று பெருமை பேசும் நம் மாவட்டத்து ஜனங்களுக்கு மரத்தின் மதிப்பு ஏன் தெரியவில்லை?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மதிப்பு தெரியவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் தெருவிலேயே பாருங்கள். நாலு சென்ட் வீட்டிலும் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இடம் இருந்தால் ஒரு சக்கை மரம் (பலா) நிற்கும். குடும்பத்துக்குச் சர்ப்பக்காவு, அதாவது நாகங்களுக்கென்று விட்ட மரத்தோப்பு இருந்தால், அதில் காய்ந்து விழுந்த கம்பைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டார்கள். ஊருக்குப் பெயர் தந்த நாகராஜா கோயில் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான், பிரசாதம் ஈரமண். இங்கே மதிப்புக்குப் பஞ்சமில்லை. அது மதிலுக்கு வெளியே வரவில்லை என்பதுதான் பிரச்சினை.

பால் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் உழைத்தவர்களும் 1999இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒன்றை மதிப்பது மட்டும் போதாது. அதற்கு ஆபத்து வந்திருக்கிறது என்று நம்ப வேண்டும். நான் ஏதாவது செய்தால் அந்த ஆபத்து குறையும் என்றும் நம்ப வேண்டும். அப்போதுதான் 'இது என் கடமை' என்ற எண்ணம் பிறக்கும். காவில் இவை எல்லாமே உண்டு. கம்பை ஒடித்தால் என் வீட்டுக்குக் கேடு என்ற பயம் இருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைக்க ஒரு ஆள் வருகிறார், ஒரு கிளை குறைந்தாலும் அவர் கண்ணில் படும். உங்கள் பூங்கா இடத்துக்கு அப்படித் தினமும் போய்ப் பார்க்கிறவர் யார்?

குளங்களுக்கும் இதுதான் நடந்தது. வயல் இருந்தவரை குளத்தில் மண் ஏறினால் பயிர் வாடும் என்று விவசாயிக்குத் தெரியும், மண்வெட்டியோடு வந்து நிற்பார். வயல் பிளாட் ஆனதும் அதே குளம் வீட்டுக்குப் பின்பக்கம் ஆகிவிட்டது, கொசு வரும் இடம் ஆகிவிட்டது. சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் கரையில் குடியிருப்பவருக்குத் தன் கிணற்றில் ஊறும் தண்ணீருக்கும் அந்தக் குளத்துக்கும் உள்ள தொடர்பு தெரியாவிட்டால், பட்டியல் கரையைக் காக்காது.

படிப்பைப் பற்றியும் கேட்டீர்கள். 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 92 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் நமக்குத்தான். ஆனால் பல இடங்களில் மரத்தை வெட்டுவது அறியாமை இல்லை, சுத்தம் என்ற நல்ல பழக்கம். விடிந்ததும் முற்றம் பெருக்கும் ஊர் இது. விழுந்த இலை இங்கே குப்பை. சருகு கிடந்தால் பாம்பு வரும். எனவே மரத்தை எடுத்துவிட்டுத் தரையில் ஓடு பதித்தால் இடம் 'நீட்டாக' இருக்கிறது என்கிறார்கள். காவுகளிலும் இதைப் பார்க்கிறேன்: பக்தி கூடக் கூட மண்டபம் வளர்கிறது, தளம் போடுகிறார்கள், மரம் குறைகிறது. 'ஒரு சாமி சிலை வைத்துவிட்டால் இடம் தப்பிக்கும்' என்று யோசனை சொல்லும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30 காலையில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்கள் நாம். கூரைமேல் மரம் விழுந்த வீட்டுக்காரரிடம் போய் நிழலின் பெருமையைப் பேசக் கூடாது. எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும், வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நட வேண்டும் என்று பேசினால் கேட்பார்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. 'யாரும் வாய் திறக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டிய அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? குத்திக்காட்டக் கேட்கவில்லை. உங்களுக்கும் அந்தப் புங்கமரம் பிடித்திருந்தது, ஆனால் கேட்க உரிமை இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லை. அந்த உரிமை காகிதத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். உங்கள் மனைப்பிரிவு அதற்கு முந்தியதாக இருந்தாலும், அங்கீகரித்த வரைபடத்தில் பூங்கா என்று குறித்திருந்தால் அதைக் கேட்கலாம்.

அந்த வரைபடத்தின் நகலை வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய், அந்த இடம் இப்போது யார் பேரில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கன்று நடுவதை அதற்கப்புறம் பேசலாம்.