உச்சியிலிருந்து பார்த்த நடனம்

கேள்வி: 1930-களின் ஹாலிவுட் இசைப்படங்களில் நடனப் பெண்கள் மலர்போல் விரியும் காட்சிகளை எப்படிப் படமாக்கினார்கள்?

பதில்: அவற்றில் புகழ்பெற்ற பலவற்றை அமைத்தவர், வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பஸ்பி பெர்க்லி. முதல் உலகப் போரின்போது பிரான்சில் படைவீரர்களுக்கு அணிவகுப்பு வகுத்துக் கொடுத்த அனுபவம் உடைய அவர், தனியொருவரின் ஆட்டத்திறனைவிடப் பலர் ஒரே கணத்தில் சேர்ந்து அசையும் கோலத்தையே பெரிதாக எண்ணினார்; அதற்காக ஒரே கேமராவைக் கூரையருகே ஏற்றி, ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே திட்டமிட்டு எடுத்தார். 'கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தில், நியான் விளக்குப் பொருத்திய வயலின்களை ஏந்திய பெண்கள் இருளில் ஒன்றுகூடி ஒரே பெரிய வயலினாக உருவெடுப்பதை அவசியம் பாருங்கள். நாடக அரங்கின் எந்த இருக்கையிலிருந்தும் காணமுடியாத அழகு அது. ஆடுபவரின் முழு உடலும் இடைவெட்டின்றித் தெரியவேண்டும் என்று வற்புறுத்திய நடன நடிகர் ஃபிரெட் அஸ்டெயரின் வழி இதற்கு நேர்மாறானது. எனக்கு அஸ்டெயரின் வழிமீதே கூடுதல் பற்று.