சர்வர் சூழல்களும் ரோல்களும்: பெங்களூரு அக்காவிடம் கேட்டவை

ஆன்சிபிள், செஃப், பப்பெட் மூன்றும் பல சர்வர்களை ஒரே மாதிரி அமைத்துத் தரும் டூல்கள். டெவ் (எழுதிப் பார்க்க), ஸ்டேஜிங் (சோதிக்க), புரொட் (பயனர்களுக்கு) ஆகியவை சூழல்கள். கேட்பவர்கள் ஏரியா பெயரில் வருகிறார்கள்.

மடிவாளா: அக்கா, ஆன்சிபிளில் டெவ், ஸ்டேஜிங், புரொட் மூன்றையும் ஒரே இன்வென்டரியில் (மெஷின் பட்டியலில்) குரூப்பாக வைத்திருக்கிறோம். தப்பா?

ஒருநாள் லிமிட் (எந்த மெஷின்களில் மட்டும் ஓட வேண்டும் என்ற வரம்பு) போட மறப்பீர்கள். ஹோஸ்ட்ஸ் வரியில் 'வெப்' என்றிருக்கும் பிளேபுக் (செய்ய வேண்டிய வேலைகளின் ஃபைல்) மூன்று சூழலிலும் ஓடிவிடும். சூழலுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் தனி ஹோஸ்ட்ஸ் ஃபைல், தனி குரூப் வார்ஸ் (குரூப்புக்கான மதிப்புகள்) என்று பிரித்துவிடுங்கள். டீஃபால்ட் இன்வென்டரியாக டெவ் மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு வம்பும் உண்டு. ஒரு மெஷின் 'புரொட்', 'வெப்' இரண்டு குரூப்பிலும் இருந்து, இரண்டும் ஒரே மட்டமானால், ஆங்கில அகரவரிசையில் பின்னால் வருவதே ஜெயிக்கும். புரொட்டில் நீங்கள் மாற்றிய மதிப்பை வெப் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

ஒயிட்ஃபீல்டு: ஆன்சிபிள் ரோலின் (ஒரு வேலைக்கான கட்டின்) வார்ஸில் போர்ட் எண்ணை வைத்தேன். குரூப் வார்ஸில் மாற்றினால் மாறவே மாட்டேன் என்கிறது.

மாறாது. ரோலின் வார்ஸுக்கு இன்வென்டரியைவிட அதிகாரம் அதிகம். சூழலுக்குச் சூழல் மாறுவதை ரோலின் டீஃபால்ட்ஸுக்குக் (எளிதில் மாற்றக்கூடிய ஆரம்ப மதிப்புகளுக்கு) கொண்டுபோங்கள்.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்: செஃப்பில் 'வெப் புரொட்', 'வெப் ஸ்டேஜ்' என இரண்டு ரோல் போதுமா?

ரோல் பெயரில் சூழல் பெயர் வரவே கூடாது. ரோல் என்பது மெஷினின் வேலை. சூழல் என்பது அது நிற்கும் இடம். ஸ்டேஜிங்கில் ஒரு ரோலைச் சோதித்துவிட்டு புரொட்டில் வேறொன்றை ஏற்றினால், சோதித்ததற்கு என்ன பலன்?

ஜெயநகர்: அக்கா, பிரிக்காவிட்டாலும் ஆபத்துதானே? செஃப் ரோலுக்கு வெர்ஷன் கிடையாது. ரன் லிஸ்டில் (மெஷினில் ஓட வேண்டியவற்றின் வரிசையில்) ஒரு ரெசிபியைச் (அமைக்கும் குறிப்பைச்) சேர்த்தால் புரொட்டும் அடுத்த ஓட்டத்திலேயே வாங்கிக்கொள்ளும்.

இது நியாயமான கேள்வி. சூழலில் குக்புக்கின் (ரெசிபிகளின் தொகுப்பின்) வெர்ஷனைப் பூட்டலாம், ரோலைப் பூட்ட முடியாது. அதனால் ரன் லிஸ்டையே ஒரு ரோல் குக்புக்குக்குள் எழுதுங்கள். அதற்கு வெர்ஷன் உண்டு. கூடுதல் லாபமும் இருக்கிறது. ஆட்ரிபியூட்களில் (அமைப்பு மதிப்புகளில்) டீஃபால்ட் மட்டத்தில் ரோல் சூழலை மிஞ்சும். ஓவர்ரைடு மட்டத்தில் சூழல் ரோலை மிஞ்சும். இந்தக் குழப்பத்தில் பாதிப் பேர் விழுகிறார்கள். ரோல் குக்புக்கின் ஆட்ரிபியூட் ஃபைலில் டீஃபால்ட் போட்டால் சூழலின் டீஃபால்ட் அதை நேராக மிஞ்சும், ஓவர்ரைடே தேவையில்லை.

ஜெயநகர்: அப்படியானால் ரோல் பெயரை வைத்துத் தேடுவது போய்விடுமே? லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளை மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) அதை நம்பித்தான் வெப் மெஷின்களைக் கண்டுபிடிக்கிறது.

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ரோலை அடியோடு ஒழிக்க வேண்டாம். அந்தக் குக்புக்கை மட்டும் அழைக்கும் ஒற்றை வரி ரோலாக வையுங்கள், தேடல் பிழைக்கும். ஆட்ரிபியூட் எதையும் அதில் போடாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பாலிசிஃபைலுக்கே (ரன் லிஸ்டையும் குக்புக் வெர்ஷன்களையும் சேர்த்துப் பூட்டும் செஃப் ஃபைலுக்கே) போகலாம். அங்கே ரோலின் இடத்தில் பாலிசி, சூழலின் இடத்தில் பாலிசி குரூப்.

பி.டி.எம்.: 'டிபி புரொட்' என்று ரோல் வைக்கலாமா அக்கா?

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி.

கோரமங்கலா: பப்பெட்டில் கிட் (கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் டூல்) கிளையின் பெயரே சூழல் பெயர். ஹைஃபன் வைத்தேன், சிக்கல்.

சூழல் பெயரில் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் ஆகாது. கிளைக்கே அடிக்கோடு வைத்துப் பெயரிடுங்கள்.

ஹெப்பால்: எந்த டூலுக்குச் சம்பளம் அதிகம்?

அதை வேலைவாய்ப்புத் தளத்தில் பாருங்கள்.

அல்சூர்: எல்லாச் சூழலுக்கும் ஒரே ஆன்சிபிள் வால்ட் (ரகசிய ஃபைல்களைப் பூட்டும் வசதி) பாஸ்வேர்ட் இருக்கிறது. பரவாயில்லையா?

இல்லை. டெவ் தெரிந்தவருக்கெல்லாம் புரொட்டும் திறந்துவிடும். வால்ட் ஐடி கொடுத்துச் சூழலுக்கு ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள். பழைய ஃபைல்களை ரீகீ செய்யுங்கள், அதாவது புதிய பாஸ்வேர்டால் பூட்டுங்கள். பழைய பாஸ்வேர்டால் பூட்டிய ஃபைல்கள் கிட் வரலாற்றில் அப்படியே கிடக்கும். ஆகவே உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளையும் மாற்றியே ஆக வேண்டும்.