மலிவான காட்டுக்கத்தி எதுவரை தாங்கும்?

தோட்டம், வேலி, விறகு என்று நாளும் கத்தி பிடிக்கிற, இலங்கையின் வன்னிப் பகுதி ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கொல்லப்பட்டறைக் குடும்பத்தில் வளர்ந்து, இப்போது விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்கிறவர்.

அண்ணை, கடையில் மெல்லிய நீளக் காட்டுக்கத்தி மலிவாகக் கிடைக்கிறது. லொறி வில்லுத்தகட்டில் அடிப்பித்தால் கொல்லர் மூன்று மடங்கு கேட்கிறார். எதை எடுக்கலாம்? (மாங்குளம்)

என்ன வெட்டப் போகிறீர் என்று சொல்லவில்லையே தம்பி. நாயுண்ணி, சூரை, ஈச்சம்பற்றை என்றால் கடைக்கத்தி போதும். போதும் என்ன, அதுதான் நல்லது. கொடியும் மெல்லிய கிளையும் வெட்டுப்படுவது கத்தியின் வேகத்தால், கனத்தால் அல்ல. 18 அங்குல அலகும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கத்தியைக் காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை வீசலாம். லொறித்தகட்டுக் கத்தி முதுகில் 5, 6 மில்லிமீற்றர் இருக்கும். வேலிக்கு நடுகிற கிளுவை, பூவரசு கதியால் தறிக்கவும் தென்னம்மட்டை கொத்தவும் அதற்கு நிகரில்லை. அதையே பற்றையில் வீசினால் கொஞ்ச நேரத்தில் தோள் கழன்றுவிடும்.

விலையைப் பார்த்து இரும்பை எடைபோட வேண்டாம். பல நாட்டுத் தோட்டக்காரர் கையில் இருக்கிற பிரேசில் நாட்டுத் திரமொந்தினா கத்தியும் 0.7 வீதமளவு காபன் உள்ள சாதாரண உருக்குத் தகடுதான். கடையில் நின்றே ஒரு சோதனை செய்யலாம். நுனியை ஒரு பலகையில் ஊன்றி மெல்ல வளைத்துவிடுங்கள். பழையபடி நேராக நிமிர்ந்தால் சரி. வளைந்தபடியே நின்றால், அது கத்தி உருவத்தில் இருக்கும் தகரம்.

புதுக்கத்தி வாழைத்தண்டைக்கூட ஒழுங்காக வெட்டவில்லை. ஏமாந்துவிட்டேனா? (நெடுங்கேணி)

பெரும்பாலும் இல்லை. மலிவுக்கத்தியில் மிச்சம் பிடிப்பதே கூராக்கும் வேலையில்தான். வாய் மொட்டையாக வரும், மேலே துருப்பிடிக்காமல் ஒரு பூச்சும் இருக்கும். மீதி வேலை உங்களுடையது.

ஒரு தட்டை அரம் வாங்குங்கள். கத்தியை மேசை விளிம்பில் வாய் வெளியே நீட்டியிருக்க இறுக்கிக் கட்டுங்கள். அரத்தை 20 பாகையளவு சரித்து, பிடிப்பக்கமிருந்து நுனிவரை ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், பின்னால் இழுத்தால் அரத்தின் பல்தான் தேயும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். பெருவிரலை வாய்க்குக் குறுக்காக (நெடுக்காக அல்ல, கவனம்) மெதுவாக வழித்தால் அது சொரசொரவென்று தட்டுப்படும். நுனிவரை அந்தப் பிசிர் எழுந்தபின் கத்தியைத் திருப்பிப் போட்டு அதேபோல அராவுங்கள். கடைசியில் தீட்டுக்கல்லில் நாலு இழுவை. மயிர் மழிக்கிற கூர் தேவையில்லை, அவ்வளவு மெல்லிய வாய் முதல் முள்ளிலேயே மடங்கிவிடும்.

அராவும்போதே இரும்பின் குணமும் தெரிந்துவிடும். அரம் கண்ணாடியில் போல வழுக்கினால் வாய் அளவுக்குமீறி இறுகியிருக்கிறது, கல்லில் பட்டால் தெறிக்கும். வெண்ணெயில் போல இறங்கினால் தோய்ச்சல் (காய்ச்சித் தோய்த்து இரும்பை இறுக்கும் வேலை) இல்லை, ஒவ்வொரு நாளும் அராவ வேண்டிவரும். கடித்துக்கடித்து நகர்ந்தால் நல்ல கத்தி.

மின்சாணையில் கொடுப்பவர்களும் உண்டு. வாய் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் கூர் நிற்காது.

பாலை விறகு கொத்தினேன், வாய் பல்லுப்பல்லாகப் போய்விட்டது. (ஒட்டுசுட்டான்)

காய்ந்த பாலையோடும் வீரையோடும் எந்த மெல்லிய கத்தியும் மல்லுக்கட்டக் கூடாது. அது கோடாலி வேலை. பச்சை மரமென்றால் கை மணிக்கட்டளவு கிளைவரை காட்டுக்கத்தி தாங்கும், அதுவும் நேர்க்குறுக்காக வெட்டாமல் சரிவாக இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தால். கத்தி மரத்தில் இறுகினால் பக்கவாட்டில் ஆட்டி நெம்பாதீர்கள், அலகு முறிவது அப்போதுதான். முதுகில் சுத்தியலால் அடிப்பதும் வேண்டாம். மரத்தடியால் தட்டலாம்.

பல்லு விழுந்த கத்தியை எறியவேண்டியதில்லை. பல்லு மறையும்வரை அராவினால் வேலைக்கு வந்துவிடும்.

கனடாவிலிருந்து மருமகன் ஒரு கத்தி அனுப்பினான். முதுகில் வாள்பல்லு, பிடிக்குள் திசைகாட்டி, பளபளவென்று இருக்கிறது. (முழங்காவில்)

அலமாரியில் வையுங்கள் ஐயா. பிடி பொள்ளலாக இருந்தால் அலகின் வால் உள்ளே நீண்டு போக இடமில்லை, நாலு வெட்டில் ஆடத் தொடங்கும். அந்த வாள்பல்லு மரத்தை அறுக்காது, கையைத்தான் கிழிக்கும்.

பிடி வழுக்குகிறது, கையெல்லாம் கொப்புளம். (அக்கராயன்)

பிளாஸ்ரிக் பிடியின் பொருத்து விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டு, பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள். மரப்பிடி ஆடுகிறதென்று தண்ணீரில் ஊறவைப்பது ஒருநாள் வைத்தியம். காய்ந்ததும் முன்னையைவிட அதிகமாக ஆடும். ஆணி இளகிய கத்தியை அன்றைக்கே வைத்துவிடுங்கள், வீசும்போது அலகு பறந்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் காணி பல வருடமாகப் பற்றை மூடிக் கிடக்கிறது. ஆள் பிடிக்க வசதியில்லை, கத்தியோடு நானே இறங்கலாமா? (முல்லைத்தீவு)

கத்தியை விடுங்கள் அக்கா, முதலில் காணியின் கதை என்ன? 2009இல் போர் முடிந்தபிறகு எத்தனையோ இடங்களில் மிதிவெடி அகற்றினார்கள். மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. இருந்தும் வேலை முற்றாக முடியவில்லை. உங்கள் துண்டு துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா என்று கிராம சேவகரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பக்கத்துக் காணிக்காரர் பயிர் செய்கிறார் என்பது சாட்சி ஆகாது. மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளமோ கண்டால் ஓர் அடிகூட வைக்க வேண்டாம்.

கையளித்த காணியென்றாலும் என் வழக்கம் இதுதான். பற்றையை நிலத்திலிருந்து ஓரடி விட்டு வெட்டுவது, காட்டுக்கத்தியால் மண்ணைக் கிளறுவதோ வேர் தோண்டுவதோ இல்லை. மண்ணில் குத்தினால் கூர் போவது ஒரு காரணம், மற்றதைச் சொல்லத் தேவையில்லை. வெட்டின பற்றையை அங்கேயே குவித்து நெருப்பு வைப்பதிலும் அவசரம் வேண்டாம். வெடிக்காமல் கிடக்கிற எறிகணை சூட்டில் வெடிக்கும். துருப்பிடித்த எதையாவது கண்டால் கத்தி நுனியால் தட்டிப் பார்க்காமல், வந்த வழியே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வெட்டும்போது இடக்கையில் கவைத்தடி இருக்கட்டும். முள்ளுக்கொடியைத் தடியால் விலக்கிப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும், கையால் அல்ல. முத்திரைப் புடையன் பாம்பு சருகுக்குள் கிடந்தாலும் தடிதான் முதலில் படும். கத்தி காலை நோக்கி வராமல் உடம்புக்கு வெளியே போகும்படி வீசுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

பஸ்ஸில் கொண்டு போகலாமா? (வவுனியா)

வாய்க்குத் தடித்த காட்போட் மடித்துக் கட்டி, சாக்கில் சுற்றி, மண்வெட்டியோடு சேர்த்துக் கொண்டு போங்கள். பொலிஸ் மறித்தால் எந்தக் காணிக்கு, என்ன வேலைக்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். இரவில் வெறுங்கத்தியோடு மோட்டார் சைக்கிளில் போனால் கேள்வி வரும்தான்.

ஆட்டுக்குக் குழை வெட்ட இதையே நீளத்தடியில் கட்டலாமா? (துணுக்காய்)

வேண்டாம். நேர் அலகு கிளையில் வழுக்கும், கட்டு இளகினால் உங்கள் தலைக்கே வரும். அதற்குத்தான் கொக்கச்சத்தகம் இருக்கிறது. வளைந்த வாய் கிளையைக் கொளுவிக்கொள்ளும், கீழே இழுத்தால் போதும். தடி காய்ந்த மூங்கிலாக இருக்கட்டும். அலுமினியக் குழாய் பாரம் குறைவென்று சிலர் எடுக்கிறார்கள், மின்கம்பி போகிற வேலியோரத்தில் அதைத் தூக்கவே கூடாது. கம்பிக்குக் கிட்ட நிற்கிற மரமென்றால் மூங்கில் தடியையும் நீட்டாதீர்கள், வேறு மரத்தில் குழை பாருங்கள்.