கழகத்து மைதானத்தை ஊரே வாங்கலாமா? கேள்வி பதில்

மாவட்ட உதைபந்தாட்ட லீக்கின் கீழ்ப்பிரிவில் இழுபடுகிற கழகங்களுக்கு ஆட்டத்தில் தோற்பதைவிடப் பெரிய பயம், விளையாடுகிற நிலம் கைமாறிப் போவதுதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கழகக்காரர் அனுப்பிய கேள்விகளுக்குக் காணி, யாப்பு (அமைப்பின் விதிகள்), மைதானப் பராமரிப்பு மூன்றிலும் பழக்கமுள்ள உறுப்பினர் ஒருவர் பதில் தருகிறார்.

களுவாஞ்சிக்குடி, கழகச் செயலாளர்: அண்ணன், 22 வருசமா நாங்க விளையாடுற இடம் தனியார் உறுதிக்காணி (பத்திரக் காணி), இரண்டரை ஏக்கர். உடையவர் காலமாயிட்டார், பிள்ளைகள் விக்கப் போறாங்களாம். பத்து வருசத்துக்கு மேல ஆண்டா காணி எங்களுக்குத்தானே?

பதில்: இல்லை. அந்தப் பத்து வருடக் கதையை நம்பித்தான் பல கழகங்கள் வழக்கில் பணத்தைக் கரைக்கின்றன. உடையவரின் விருப்பத்தோடு விளையாடிய காலம் உரிமையாகாது. அவருடைய உரிமையை மறுத்து, எதிராக நின்று ஆண்டால்தான் அந்தப் பத்து வருடச் சட்டம் பேசும். ஒரு தடவை வாடகை கொடுத்த பற்றுச்சீட்டு இருந்தாலும் உங்கள் வாதம் விழுந்துவிடும். அரச காணிக்கு எதிராக இந்தப் பத்து வருடம் செல்லவே செல்லாது.

செய்யவேண்டியது வேறு. மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் அந்த உறுதி பதிந்த ஏட்டுப் பக்கத்தின் பிரதியை எடுத்து 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள். ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா என்று தெரியும். பிறகு பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தகப்பனின் காணி பிரிக்கப்படாமல் ஐந்து பேருக்கு இறங்கியிருந்தால், மூத்தவரிடம் மட்டும் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது அவருடைய பிரிபடாத பங்குதான். கோல் கம்பம் யாருடைய பங்கில் நிற்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஐந்து பேரும் கையொப்பமிடவேண்டும். ஒருவர் வெளிநாட்டில் என்றால் அவருக்காக இன்னொருவர் கையொப்பமிட அவருடைய அற்றோணித் தத்துவம் வேண்டும். இறந்தவரின் சொத்தைப் பிரிக்கும் மரணச் சொத்து வழக்கு முடிந்ததா என்பதையும் நொத்தாரிசிடம் (உறுதி எழுதும் சட்டத்தரணியிடம்) கேளுங்கள்.

காசு சேர்ப்பது இதற்கெல்லாம் பிறகு. முதலில் சேர்த்தால், உறுதி பிழை என்று தெரியவரும் நாளில் ஊரே உங்கள் வாசலில் நிற்கும்.

அதே ஊர், இன்னொருவர்: வாங்குறதெண்டா யாருட பேரில எழுதுறது? கழகத்தின்ட பேரிலயா?

பதில்: கழகத்தின் பெயரில் எழுதவேண்டாம். தலைவரின் பெயரில் எழுதவே வேண்டாம்.

பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிந்த கழகம், அந்தப் பதிவினால் மட்டும் காணி வைத்திருக்கும் சட்ட ஆளாகிவிடாது. அதனால் நொத்தாரிசு 'யாராவது ஒரு ஆளின் பெயர் தாங்க' என்பார். தலைவரின் பெயர் போகும். அவர் கண்மூடினால் மைதானம் மகளின் சீதனக் காணியாகிவிடும். அவர் நல்ல மனிதராக இருந்தும் பயனில்லை, வாரிசுகளுக்குச் சட்டம் கொடுக்கிற உரிமை அது.

கழகமே சட்ட ஆளாகிக் காணியை வைத்திருந்தாலும் ஆபத்து உண்டு. கழகம் கடன்படுகிற ஒன்று. சீருடைக் கடன், பஸ் வாடகை, மத்தியஸ்தர் பணம், வெளியூர் வீரருக்குச் சொன்ன தொகை என்று ஏறிக்கொண்டே போகும். கடன்காரன் வழக்கு வைத்தால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது காணியைத்தான். ஆகவே கழகம் ஒரு கையில், மண் இன்னொரு கையில் இருக்கட்டும். மண்ணை வைத்திருக்கும் அமைப்பு கழகத்துக்கு நீண்டகாலக் குத்தகை கொடுக்கும். கழகம் நாளைக்கே கலைந்தாலும் மைதானம் நிற்கும், அடுத்த தலைமுறை இன்னொரு கழகம் தொடங்கும்.

மண்ணை வைத்திருக்க இரண்டு வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஒன்று, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. பங்கு இல்லை, பங்குலாபம் இல்லை, ஆளுக்கு ஒரு வாக்கு. மற்றது, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொதுநல நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது பொறுப்பாளர் ஊரின் பயனுக்காகக் காணியை வைத்திருப்பது. கூட்டுறவுச் சங்கமும் முடியும், ஆனால் அது கூட்டுறவுத் திணைக்களத்தின் கண்காணிப்புக்குள் நடக்கவேண்டியது. மைதானம் ஒன்றை மட்டும் வைத்திருக்க அது பாரமான சட்டை.

கம்பனி மட்டும் போதாது என்பதற்கு ஒரு காரணம். 'காணியை விற்க முடியாது' என்று யாப்பில் எழுதுகிறீர்கள். ஆனால் வாக்களிப்போரில் 75 வீதத்தினரின் விசேட தீர்மானத்தால் யாப்பையே மாற்றலாம். பூட்டும் திறப்பும் ஒரே ஆளிடம்! அதனால் கம்பனியே பொறுப்பாளராக இருந்து, காணி ஊரின் விளையாட்டுக்கு என்று நம்பிக்கைப் பொறுப்பு உறுதியிலேயே எழுதப்படவேண்டும். நொத்தாரிசு முன் முடித்துக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். பொறுப்பாளர் துரோகம் செய்தால், பொதுநல நம்பிக்கைப் பொறுப்பில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

காரைதீவு, பயிற்றுநர்: சேர், இங்கிலாந்தில ஆதரவாளர்களே மைதானம் வைத்திருக்கினமாம். அது வேலை செய்ததா?

பதில்: சில இடத்தில் செய்தது. செல்சி பெரிய கழகம்தான், ஆனால் பாடம் சின்னக் கழகத்துக்கு. 1993இல் தொடங்கிய செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற ஆதரவாளர் நிறுவனம் கழகத்தின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதான நிலத்தை வைத்திருக்கிறது. எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு 100 வாக்குக்கு மேல் இல்லை. 2011 ஒக்டோபரில் கழகம் நிலத்தைத் திருப்பிக் கேட்டபோது 61.6 வீதம் ஆதரவு கிடைத்தது. தேவைப்பட்டது 75 வீதம். பாதிக்கு மேல் ஆதரவிருந்தும் நிலம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சாதாரணப் பெரும்பான்மையில் விற்கலாம் என்று எழுதியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

எதிர்ப்பக்கம் பிரைற்றன் கழகம். மைதானம் விற்ற லாபத்தைப் பங்குதாரர் எடுக்க முடியாதபடி யாப்பில் இருந்த வாசகம் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. 1995இல் கோல்ட்ஸ்டோன் மைதானம் விற்கப்பட்டது. 1997இல் கடைசி ஆட்டம். பிறகு இரண்டு பருவம் 100 கிலோமீற்றருக்கு அப்பால் ஜிலிங்கத்தில் 'உள்ளூர்' ஆட்டம் ஆடினார்கள். சொந்த அரங்கு வந்தது 2011இல்தான்.

அங்கே 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊருக்கு முக்கியமான இடத்தைப் பட்டியலில் சேர்க்கலாம். விற்க வந்தால் பணம் திரட்ட ஊருக்கு ஆறு மாதத் தவணை கிடைக்கும். ஒக்ஸ்ஃபோர்ட் யுனைற்றெட் கழகத்தின் மைதானம் 2013இல் அப்படிச் சேர்ந்தது. நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை. அதற்குப் பதிலாக நீங்கள் உடையவரோடு நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை முடித்துப் பதியவேண்டும். ஒரு தொகை முற்பணம், ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதத் தவணை, உறுதி சுத்தமில்லை என்றால் முற்பணம் திரும்பும் என்ற வாசகம். கடைசி வாசகத்தை விற்பவர் வெட்டச் சொல்வார், விடாதீர்கள்.

லண்டன், சொந்த ஊர் கல்லாறு: நாங்கள் இங்கிருந்து பணம் அனுப்பத் தயார். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 5 வீதம் தருவதாகச் சொன்னால் வேகமாகச் சேரும் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். பொதுமக்களிடம் வட்டி சொல்லிப் பணம் வாங்குவது வைப்பு ஏற்பது ஆகிவிடும். அனுமதியில்லாமல் அதைச் செய்வதை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் தடைசெய்கிறது. நன்கொடை, உறுப்பினர் சந்தா, ஆட்டநாள் வசூல் என்று மட்டும் எழுதுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். இரண்டரை ஏக்கர் 400 பேர்ச். கணக்குக்காகப் பேர்ச் 50,000 ரூபா என்று வைத்தால் காணி 2 கோடி. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3,000மும் 7,96,000மும் சேர்த்து 7,99,000 ரூபா. நொத்தாரிசு, நில அளவையாளர் செலவு தனி. இந்த எட்டு இலட்சத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முழு மைதானமும் வேண்டுமா என்றும் யோசியுங்கள். 105க்கு 68 மீற்றர் ஆடுகளம், சுற்றிலும் ஐந்து மீற்றர் விட்டால் 115க்கு 78. அது ஏறக்குறைய 355 பேர்ச். விலை எட்டாவிட்டால் மிச்ச 45 பேர்ச்சை விட்டுவிடலாம், ஆனால் பாதைப்பக்கம் உங்கள் துண்டில் வரட்டும்.

வங்கிக் கணக்கில் மூன்று கையொப்பக்காரர், எந்தக் காசோலைக்கும் இரண்டு பேர். மூவரும் ஒரே குடும்பத்தில் இருக்கக்கூடாது.

செங்கலடி: எங்கட மைதானம் அரச காணி. மதில் கட்டினா உரிமை உறுதியாகுமா?

பதில்: ஆகாது. கட்டிய மதில் அரசாங்கத்துக்குப் போகும். காணி உத்தியோகத்தரிடம் போய் அது என்ன வகைக் காணி என்று எழுத்தில் வாங்குங்கள். அரசு யாரோ ஒருவருக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால், பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அவர் விற்றது செல்லாது. வெள்ளைத்தாளில் கையொப்பம் வாங்கிப் பணம் கொடுப்பது அந்தப் பணத்தை ஆற்றில் விடுவதுதான். வெறும் அரச காணி என்றால் விலைக்கு வாங்கும் பேச்சை விட்டு, நீண்டகாலக் குத்தகைக்கு விண்ணப்பியுங்கள். பிரதேச சபையின் பொறுப்பில் இருந்தால் சபையோடு பராமரிப்பு உடன்படிக்கை.

காத்தான்குடி: நானா, வக்ஃபா எழுதினா பூட்டு இன்னும் பலமா இருக்காதா?

பதில்: பலம்தான், வக்ஃப் (முஸ்லிம்கள் பொதுநலத்துக்கு எழுதிவைக்கும் சொத்து) வக்ஃப் சபையின் அனுமதியில்லாமல் கைமாறாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் அதற்கு. ஆனால் அதை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் மாறும்போது மைதானத்தின் பயன்பாடு மாறலாம். எழுதும்போதே 'உதைபந்தாட்டத்துக்கு முன்னுரிமை, லீக்கின் எல்லா அணியும் ஆடலாம்' என்று போடுங்கள்.

திருக்கோவில்: கடலுக்குப் பக்கத்தில உடைமாற்றும் அறை கட்டலாமா?

பதில்: உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் என்றால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி முதலில். வாவி கடலில் சேருமிடத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீற்றர் வரைக்கும் வாவிக்கரையும் கரையோர வலயத்தில் வரும். பலகைக் கொட்டில் என்றாலும் கேளுங்கள்.

ஆரையம்பதி: வாங்கினாப் பிறகு பராமரிக்க ஏலுமா? தண்ணி உப்பு.

பதில்: இதில்தான் அதிகம் கேட்கவேண்டும், நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்.

8,000 சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்றால் 8,000 லீற்றர். கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் போனால் 40,000 லீற்றர், 5,000 லீற்றர் பவுசர் எட்டுத் தடவை. அதை வாங்க முடியாது, கிணறு வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஒரே குழாய்க்கிணற்றில் பெரிய மோட்டரை வைத்து இழுத்தால் கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும். அகலமான ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறு, சின்ன மோட்டர், மாறிமாறி. அதிகாலையில் பாய்ச்சுங்கள்.

புல்லுக்கு நம் அறுகே போதும். உப்பையும் மிதிப்பையும் தாங்கும். விதைக்காமல், துண்டு துண்டாக வெட்டிய கொடியை ஒக்டோபர் மழை தொடங்கும்போது பதியுங்கள், வடகீழ்ப் பருவமழை மிச்ச வேலையைச் செய்யும். ஜனவரி முடியும்வரை யாரையும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அடுத்த வருடம் மறுபடி பதியவேண்டும்.

கொக்கட்டிச்சோலை: எங்கட பக்கம் களிமண். மழைக்கு வயல் மாதிரி நிக்கும்.

பதில்: வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு வேறு கணக்கு. நடுவிலிருந்து இரண்டு பக்கக் கோட்டுக்கும் அரை வீதச் சரிவு கொடுங்கள். நடுவில் 17 சென்றிமீற்றர் உயரும். அதற்கு ஏறக்குறைய 215 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் போகும். மேல் ஐந்து சென்றிமீற்றரில் ஆற்றுமணலும் மக்கிய சாணமும் கலக்கவேண்டும், வெறும் மணலைக் களியின் மேல் போட்டால் வழுக்கும். பக்கத்தில் வடிகான் வெட்டி, அது எங்கே போய்ச் சேரும் என்று வயற்காரரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வாழைச்சேனை: மாடு உள்ள வருது. வருமானத்துக்கு இசை நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: மாட்டுக்கு வேலி. 115க்கு 78 என்றால் சுற்று 386 மீற்றர். பத்து அடிக்கு ஒரு கொங்கிறீற் தூண் வைத்தால் 127 தூண், மூலைகளுக்கு முட்டுத்தூண் தனி. முள்ளுக்கம்பி வேண்டாம், ஆட்டக்காரன் பந்தைத் துரத்திப் போய் விழுகிற இடம் அது. வலைக்கம்பி போடுங்கள்.

வாடகைக்கு விடலாம், ஆனால் மேடை ஆடுகளத்துக்கு வெளியே, லொறி உள்ளே வரக்கூடாது. வாடகைக்குச் சமமான பிணைப்பணம் முன்கூட்டியே வாங்கி, விடியப் புல்லைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை எவ்வளவு தந்தாலும் இல்லை. ஈரத்தில் ஒரு லொறிச் சில்லுப் பதிந்த தடம் வைகாசி வரைக்கும் குழியாகவே இருக்கும், அதில் ஒருவன் கணுக்கால் முறிவான்.